பெயர் மாறினால் கணக்கு அழிந்துவிடுமா?

(கிளைக் காரியாலயத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சந்தா, வழக்கு என்று பேசுகிற இடத்தில் இன்றைக்கு நான் ஒரு கொம்பியூட்டர் கதை சொல்லப் போகிறேன். கதைக்குள் இருப்பது நம் ஆட்களின் பணம்.

போன மாதம் நம் அங்கத்தவரான ஓர் அம்மா வந்தார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். சேவைக்காலப் பணத்தில் சில வருடங்கள் விடுபட்டுவிட்டன என்பது அவருடைய முறைப்பாடு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் சேவை செய்த நாட்சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். ஒரு வருடம் விடுபட்டால் அந்த 14 நாள் சம்பளமும் போய்விடும்.

அவருடைய பழைய சம்பளத் துண்டுகளைப் பார்த்து, எந்த மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுந்தது என்று நாங்கள் முன்பே கொம்பியூட்டரில் பதிந்து வைத்திருந்தோம். அந்தப் பைலைத் திறக்கப் போனால், ‘இதை எதைக் கொண்டு திறப்பது?’ என்று அது நம்மையே கேட்கிறது.

நடந்தது இதுதான். நம் தம்பி ஒருவர் பைலுக்குத் திகதியோடு பெயர் வைக்க நினைத்திருக்கிறார். பழைய பெயரை முழுதாக அழித்துவிட்டு ‘சேவைக்கணக்கு 12.05’ என்று அடித்திருக்கிறார். எச்சரிக்கை ஒன்று வந்தது. வாசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டார். பைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வைத்துத்தான் அது என்ன வகை என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அதற்கு நீட்சி என்று பெயர். நாம் வால் என்றே சொல்வோம். முன்பு அந்த வால் ‘எம்டிபி’. அது அக்சஸ் புரோகிராமுக்குரியது. இப்போது வால் ‘05’. அப்படி ஒரு வகை விண்டோஸுக்குத் தெரியாது.

“எல்லாம் அழிஞ்சிருச்சா டீச்சர்?” என்று தம்பி கேட்டார். “ஸ்டோரில் பி.ஓ.பி. மூட்டைக்கு டஸ்ட் என்று தவறாக முத்திரை குத்தினால் உள்ளே இருக்கிற தூள் மாறிவிடுமா?” என்று நான் திருப்பிக் கேட்டேன்.

பிறகு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மூலப் பைலைத் தொடாமல் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தோம். வேலை முழுவதும் பிரதியில்தான்.

இரண்டாவது, பைலின் அளவைப் பார்த்தோம். சைபர் என்று காட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை, பெயரை மாற்றிப் பயனில்லை. நம்முடையதில் சில எம்.பி. இருந்தது.

மூன்றாவது, பிரதியை நோட்பேடில் திறந்தோம். ஒரே கிறுக்கல். ஆனாலும் முதல் வரியில் ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்று தெரிந்தது. அது பழைய அக்சஸ் பைலின் முத்திரை. ‘ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி’ என்று இருந்தால் 2007இல் வந்த புதிய வகை, அதன் வால் ‘ஏசிசிடிபி’. ‘எஸ்கியூலைட் ஃபோர்மட் 3’ என்று இருந்தால் அது வேறு புரோகிராமின் பைல். பார்த்ததும் நோட்பேடை மூடிவிட வேண்டும். ‘சேவ்’ கொடுக்கவே கூடாது. கொடுத்தால் உள்ளே இருப்பதே கெட்டுவிடும்.

நான்காவது, வால் தெரியும்படி ‘வியூ’ பகுதியில் சரிசெய்துகொண்டு, பிரதியின் பெயரில் ‘05’ஐ எடுத்துவிட்டு ‘எம்டிபி’ என்று போட்டோம். பைல் திறந்தது. ஒரு பேரும் குறையவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ‘எல்டிபி’ என்ற வாலோடு பக்கத்திலேயே ஒரு சின்னப் பைல் தோன்றும். அது அக்சஸ் திறந்திருப்பதைக் காட்டும் பூட்டு மட்டும்தான். அதைப் பிரதி எடுத்துவிட்டுக் கணக்கு பத்திரம் என்று நினைக்காதீர்கள். அடுத்தது, எல்லாப் பைல்களுக்கும் ஒரேயடியாகப் புரியாத வால் முளைத்து, பணம் கேட்டு ஒரு குறிப்பும் கிடந்தால், அது கப்பம் கேட்கும் வைரஸ். அங்கே உள்ளடக்கத்தையே பூட்டிவிடுவார்கள், வாலை மாற்றித் திறக்க முடியாது. உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பணம் கட்டாமல் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

அந்த அம்மாவின் கணக்கை அச்செடுத்து, சம்பளத் துண்டுகளோடு தொழில் திணைக்களக் காரியாலயத்தில் கொடுத்திருக்கிறோம். விசாரணை நடக்கிறது.

தோழர்களே, பைலுக்கு நடந்தது நம் ஆட்களுக்கும் நடக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதியில் மூன்றாவது பெயர். எழுதியவர் விட்ட பிழைக்கு, நம்மிடம் 8 வீதம் பிடித்துத் தோட்டம் 12 வீதம் போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறது. பெயர் பிழையென்றாலும் உழைத்தது இவர்தான் என்று காட்டச் சான்று வேண்டும். அந்தச் சான்று உங்கள் தகரப் பெட்டியில் இருக்கிற சம்பளத் துண்டுதான். அடுப்பு மூட்ட அதை எடுக்காதீர்கள். காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். பதிந்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

இனிமேல் நம் கணக்கு இரண்டு பென் டிரைவில் இருக்கும். ஒன்று காரியாலயத்தில், மற்றது தலைவர் வீட்டில். திகதி எழுதும் தம்பி புள்ளிக்குப் பதிலாகக் கோடு போடுவார்.