மரண அறிவித்தல்

யாழ்ப்பாணத்தில் காலமைப் பேப்பரை விரித்தால் பலர் முதலில் தேடுவது மரண அறிவித்தலைத்தான். அது காசு கட்டிப் போடும் விளம்பரம்தான். ‘கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லண்டன், சுவிஸ், பிரான்ஸ். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு நாங்கள் சிதறிப்போன வரைபடமே அதில் இருக்கிறது. மருமக்கள், சகலன், சம்பந்தி வரைக்கும் வரிசை நீளும். ஒரு பெயர் விடுபட்டால் செத்தவீட்டிலேயே மனத்தாங்கல்!

‘இளைப்பாறிய அதிபர்’, ‘பொறியியலாளர்’ என்றால் மறக்காமல் போடுவோம். வெங்காயமும் புகையிலையும் நட்டு அந்தப் பிள்ளைகளைப் படிப்பித்தவருக்குத் தொழிலே இல்லாததுபோல வெறும் பெயர்தான். எதைப் பெருமையென்று நினைக்கிறோம் என்பதை இந்த விளம்பரம் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. இனி எழுதும்போது, பெயருக்கு முன்னால் ‘கமக்காரர்’ என்றும் போடுங்கோ.