ஐந்து மதிப்பெண்கள்



மதிப்பெண் என்றவுடன் உங்களுக்குத் தேர்வு நினைவுக்கு வரும். மருத்துவமனையிலும் மதிப்பெண் இடும் முறை ஒன்று உண்டு. ஆனால் அங்கே மதிப்பெண் ஏற ஏற அச்சமும் ஏறும். நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியின் கடுமையை மதிப்பிடும் அம்முறையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முதுமையில் இந்நோய் கண்டால் அத்துடன் வாழ்வு முடிந்தது என்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. 1940-களில் பென்சிலின் மருந்து வழக்கத்திற்கு வந்தபின் அந்நிலை மாறிற்று. பிழைக்க வழி பிறந்ததும் புதிய வினா ஒன்றும் பிறந்தது. எவரை மருந்து கொடுத்து வீட்டிற்கு அனுப்பலாம்? எவரை மருத்துவமனையிலேயே வைத்துக் காக்க வேண்டும்?

இவ்வினாவிற்கு விடை காண, பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 1,068 நோயாளிகளை ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் ‘கர்ப் 65’ என்னும் முறையை அறிஞர் வெளியிட்டனர். நம் நாட்டு மார்பு மருத்துவச் சங்கங்கள் 2012-இல் வகுத்த நெறிமுறை, இரத்தப் பரிசோதனை தேவைப்படாத இதன் எளிய வடிவத்தை ஏற்றது.

இதில் ஐந்தே அடையாளங்கள். அறிவு தடுமாறுதல் ஒன்று; இரத்தத்தில் யூரியா என்னும் கழிவு மிகுதல் இரண்டு; நிமிடத்திற்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல் மூன்று; இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழோ, கீழ் அளவு 60 அல்லது அதற்குக் கீழோ இறங்குதல் நான்கு; வயது 65 அல்லது அதற்கு மேல் இருத்தல் ஐந்து. ஒவ்வொன்றிற்கும் ஒரு மதிப்பெண். நோய் நுரையீரலோடு நில்லாமல் மூளையையும் சிறுநீரகத்தையும் இரத்த ஓட்டத்தையும் தாக்கியிருக்கிறதா என்பதையே இவை காட்டுகின்றன.

அவ்வாராய்ச்சியில், 0 அல்லது 1 பெற்றவர்களுள் 30 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. 2 பெற்றவர்களுள் ஏறத்தாழ 9 பேர். 3-க்கு மேற்பட்டவர்களையும் சேர்த்து, 3 முதல் 5 வரை பெற்றவர்களுள் 22 பேர்.

கணக்கு படிக்கும் மாணவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். 22 பேர் இறந்தனர் எனில் 78 பேர் பிழைத்தனர் அன்றோ? வகுப்பின் சராசரியைக் கொண்டு ஒரு மாணவனின் மதிப்பெண்ணைச் சொல்ல இயலாது. அதுபோல் இவ்வெண் ஒரு கூட்டத்தின் நிலையைச் சொல்லுமேயன்றி, உங்கள் அப்பாருவின் முடிவைச் சொல்லாது. எவரை விரைந்து கவனிக்க வேண்டும் என்று காட்டவே இது பிறந்தது. எவரைக் கைவிடலாம் என்று காட்ட அன்று.

முதியோரிடம் இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. 65 வயது நிறைந்த அனைவரும் ஒரு மதிப்பெண்ணுடனேயே உள்ளே நுழைகின்றனர். நாள்தோறும் தென்னந்தோப்பிற்கு நடந்து சென்று திரும்பும் எழுபது வயதினரும், பல்லாண்டு படுக்கையிலிருக்கும் தொண்ணூறு வயதினரும் இங்கே ஒன்றே. ஆகவே இளையோரிடம் காட்டும் துல்லியத்தை இது முதியோரிடம் காட்டுவதில்லை. நல்ல மருத்துவர் இரத்தத்தின் பிராணவாயு அளவையும், பிற நோய்களையும், நோய்க்கு முன் அவர் எப்படி நடமாடினார் என்பதையும் சேர்த்தே எண்ணுவார்.

இந்த இறுதிச் செய்தியை மருத்துவருக்குச் சொல்லக்கூடியவர் யார்? வீட்டிலிருக்கும் நீங்கள்தாம். முதியோர்க்கு இந்நோயில் சுரமும் இருமலும் வெளிப்படாமலே இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய அம்மிச்சி இன்று நாளையும் இடத்தையும் மறந்து பிதற்றினால், “வயதாகிவிட்டது, அப்படித்தான்” என்று பெரியோர் சொல்லிவிடக்கூடும். நீங்கள் அவ்வாறு இராதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து, அவர் மார்பு ஏறித் தாழ்வதை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 30-ஐ எட்டினால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு வற்புறுத்துங்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பினும், திடீரென அறிவு தடுமாறினால் அதுவே போதிய காரணம்.

எண்ணக் கற்றதன் பயன் தேர்வறையோடு முடிவதன்று.