ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு: பெரிய சொல் வேண்டாம், சரியான சொல் போதும்

(நமது கிளப் ஹவுஸில் நடந்த மாணவர் - பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் மேல்படிப்புக்கு முயற்சி செய்யும் பிள்ளைகள் நம் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் மொத்தமாக 6.5 கேட்பதோடு நிறுத்துவதில்லை. எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. மற்ற மூன்றிலும் நன்றாகச் செய்த பிள்ளை எழுத்தில் 5.5 வாங்கினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மறுபடி எழுத மீண்டும் கட்டணம் கட்ட வேண்டும். அதைவிட, சேர்க்கைக்கான கடைசித் தேதி போய்விடுமே என்ற பதற்றம் பெரிது.

அகாடமிக் தேர்வில் எழுத்துக்கு 60 நிமிடம். முதல் கேள்வியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து குறைந்தது 150 சொற்கள். இரண்டாவதில் ஒரு கருத்தைப் பற்றி குறைந்தது 250 சொற்களில் கட்டுரை. இரண்டாவதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. எனவே முதலாவதை 20 நிமிடத்தில் முடித்துவிட்டு, 40 நிமிடத்தைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் நான்கு விஷயங்களுக்குச் சம பங்காகப் போகிறது: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்துகள் கோவையாக இருக்கின்றனவா, சொல்வளம், இலக்கணம். சொல்வளம் கால் பங்குதான். ஆனால் நம் பிள்ளைகள் முக்கால் பங்கு நேரத்தை அதற்கே செலவிடுகிறார்கள், அதுவும் தவறான வழியில்.

'ப்ளெத்தோரா' போன்ற கனமான சொற்களை மனப்பாடம் செய்து கண்ட இடத்தில் எல்லாம் செருகுவது அந்த வழி. கல்யாண நகையைப் போட்டுக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போவது மாதிரி அது. முழுப் பத்திகளையே மனப்பாடம் செய்து எழுதினால் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார், மதிப்பெண்ணும் குறையும்.

சரியான வழிக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' என்ற பட்டியலை வெளியிட்டார். பல துறைப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. மொத்தம் 10 பிரிவுகள். அதிகம் வரும் 60 குடும்பங்கள் முதல் பிரிவில். தினமும் இரண்டு என்றால் ஒரே மாதத்தில் அந்தப் பிரிவு முடிந்துவிடும்.

குடும்பம் என்று சொன்னதைக் கவனியுங்கள். 'அனலைஸ்' படித்தால் 'அனாலிசிஸ்', 'அனலிடிக்கல்' இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லும் யாரோடு சேர்ந்து வரும் என்பதையும் எழுதிவையுங்கள். தமிழில் 'காபி குடித்தேன்' என்கிறோம், 'மாத்திரை போட்டேன்' என்கிறோம், மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'மேக் ரிசர்ச்' கிடையாது, 'கண்டக்ட் ரிசர்ச்' உண்டு.

தமிழில் யோசிப்பதால் வரும் பிழைகள் சில உண்டு. 'பற்றி விவாதித்தார்கள்' என்பது 'டிஸ்கஸ் அபௌட்' ஆகிவிடுகிறது. 'டிஸ்கஸ்' மட்டும் போதும். 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' போடக் கூடாது, இரண்டில் ஒன்றுதான். 'எக்விப்மென்ட்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' இவற்றுக்குப் பின்னால் 'எஸ்' வராது. இந்த மூன்றையும் திருத்தினாலே கட்டுரை பளிச்சென்று தெரியும்.

பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நம் சங்கம் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தண்ணீர் லாரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் 20 லோடு, மே மாதம் 60 லோடு, அக்டோபரில் 15 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதத்தையும் வரிசையாக ஒப்பிக்காதீர்கள். 'கோடையில் மூன்று மடங்கானது, மழைக்காலத்தில் மிகக் குறைந்தது' என்ற மொத்தச் சித்திரத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு எண்கள். ஏன் ஏறியது என்ற உங்கள் ஊகம் முதல் கேள்வியில் வேண்டவே வேண்டாம். அதைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் ஒரு பத்திக்கு ஒரு கருத்து. கருத்தைச் சொல்லுங்கள், காரணம் சொல்லுங்கள், உதாரணம் கொடுங்கள். கடைசி மூன்று நிமிடம் பிழை பார்க்க மட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'எத்தனை சொல் படித்தாய்?' என்று கேட்காதீர்கள். 'இன்று எழுதியதைக் காட்டு' என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடிகாரத்தைப் பார்த்து 40 நிமிடம் ஆனதும் பேப்பரை வாங்கி வைக்க உங்களால் முடியும். வாரம் இரண்டு கட்டுரை, இரண்டு மாதம். எழுதி எழுதித்தான் எழுத்து வரும்.