தோள்நார்க் கிழிசலும் உழைப்பாளர் நலமும்

(ஊராட்சித் தலைவர்கள், மகளிர் குழுவினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வைகையும் பெரியாற்றுக் கால்வாயும் வளப்படுத்தும் மதுரைச் சமவெளியில், கதிரை இயந்திரம் அறுத்தாலும் நெல் மூட்டையை லாரியில் ஏற்றுவது மனிதத் தோளே. அத்தோளுக்கு நேரும் ஒரு தீங்கினைக் குறித்து இன்று சிந்திப்போம்.

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. அதில் சுழலும் பந்தோ பெரியது. நான்கு தசைகளின் நார்கள் ஒரு பட்டையாய்ப் படர்ந்து, பந்தைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. நீட்டிய கையின் நீளம் ஏறக்குறைய இரண்டடி. மேல்நார் இழுப்பதோ மூட்டின் மையத்திலிருந்து ஓர் அங்குல அளவில். ஆதலின், கையில் ஏந்தும் சுமையினும் பன்மடங்கு விசை தோளில் விழுகின்றது.

கிணற்றுக் கயிற்றில் சில புரிகள் அறுந்தால் குடத்தின் பாரம் குறைவதில்லை. எஞ்சிய புரிகளே அதனையும் சுமக்கின்றன. நாரிலும் அவ்வாறே. கிழிசலின் விளிம்பில் விசை குவிய, அடுத்த இழை அறுகின்றது. கிழிசல் பெரிதானால் பந்தின் பிடி தளரும். வெளித்தசை அதனை மேலே இழுக்க, அது தோள்பட்டை எலும்பில் உராயும். அறுந்த நார் உள்வாங்கும். வேலையற்ற தசையில் கொழுப்புப் படரும். அதன்பின் தைத்து இணைப்பதும் அரிதாகும்.

வலியைக் கொண்டு கிழிசலை அளத்தல் இயலாது. வலியின்றியும் அது வளரக்கூடும். இரவில் தோள்வலி உறக்கத்தைக் கெடுத்தாலும், கையை உயர்த்த வலுவின்றிப் போனாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும். தைலம் தடவிக்கொண்டு மறுநாளே மூட்டை தூக்குதல் தகாது. எல்லாக் கிழிசலுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. பலருக்கு முறையான பயிற்சியே போதும். ஆனால் விழுந்தவுடன் கை தூக்க இயலாது போயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. 2021இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இல்லம் தேடி இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது.

வருமுன் காத்தலும் நம் கையில் உள்ளது. வயதுவந்த ஆடவர் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. மூட்டைகளைத் தோளுயரத்திற்கு மேல் அடுக்காதிருத்தல், இருவர் சேர்ந்து தூக்குதல், லாரிக்குச் சாய்பலகை அமைத்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

கண்மாய்க் கரையில் கசிவு கண்டால் உடைப்பு வரும்வரை நாம் காத்திருப்பதில்லை, மண்வெட்டியுடன் ஓடுகின்றோம். தோள்வலியென்று சொல்பவரின் கூலியைக் குறைக்காது, குணமாகும்வரை இலகுவான வேலை தருவோம். கூலி போய்விடும் என்ற அச்சமே பலரை வாய்மூடச் செய்கின்றது. அவ்வச்சத்தை அகற்றுதல் ஊராரின் கடமையாகும்.