நீரிழிவும் பிறப்புவழிக் கூறுகளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரிழிவைக் கேள்வியுறாத வீடு நம்மவருள் அரிது. "பாட்டனார்க்கும் இருந்தது, தகப்பனார்க்கும் இருந்தது, அஃது எம்மை விடுமோ?" என்று கூறிச் சோதனைக்கும் செல்லாதிருப்பார் பலர். ஆதலின், பிறப்பால் வருவது யாது, முயற்சியால் விலக்கத்தக்கது யாது என்பதை இன்று ஆராயப் புகுகின்றோம்.

இரண்டாம் வகை நீரிழிவு ஒரு மரபணுவால் மட்டும் விளைவதன்று. மரபணு வேற்றுமைகள் பல சிறிது சிறிதாகச் சேர்ந்து அதற்கு இடந்தருகின்றன. அவற்றுள் வலியது டி.சி.எஃப்.7.எல்.2 என்னும் மரபணுவில் உள்ளது. ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர் இதனை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வேற்றுமை உடையாரிடத்துக் கணையம் இன்சுலினைச் சுரக்கும் ஆற்றல் குன்றுகின்றது. ஆயினும், உணவையும் தேகப்பயிற்சியையும் ஒழுங்குசெய்தபோது இத்தகையோர்க்கும் நோய் வருதல் குறைந்ததென அமெரிக்காவில் அதே ஆண்டு வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

பிறப்புவழி வேற்றுமை நோயை அளக்கும் கணக்கையும் மாற்றவல்லது. எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையை நம்மில் அநேகர் அறிவர். இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அக்காலத்தில் அதனுள் ஒட்டிய சர்க்கரையின் அளவே அச்சோதனை தரும் எண். ஜி.6.பி.டி. குறைபாடு உடையாரிடத்துச் சிவப்பணு விரைவில் அழிதலால், ஒட்டும் சர்க்கரையும் குறைந்து தோன்றும். ஆப்பிரிக்க வமிசத்து அமெரிக்கரிடம் காணும் அத்தகைய வேற்றுமையொன்று, அதனையுடைய ஆடவரிடத்து இவ்வெண்ணைச் சுமார் 0.8 குறைத்துக் காட்டுகின்றதென 2017-இல் வெளியிடப்பட்டது. உண்மையில் 7.2 இருக்கவேண்டியவர்க்கு 6.4 என வரின், 6.5 என்னும் எல்லைக்குள் நின்று, நோயில்லையென்று அவர் மகிழ்ந்திருப்பார். நோயோ கண்ணையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டிருக்கும். ஜி.6.பி.டி. குறைபாடு இந்தியாவிலும் உண்டு. தாலசீமியா முதலிய இரத்தக் கூறுகளும் இவ்வெண்ணைத் திரிக்கக்கூடும். ஆகவே, குடும்பத்தில் இரத்தக்குறை உள்ளார் வைத்தியரிடம் அதனை முன்னரே கூறி, வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் சர்க்கரையை நேரே அளந்து ஒப்பிடச் செய்வது நலம்.

இனி, நம் நாட்டுச் சான்றொன்று. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவு வெளியிட்டனர். நடை, உணவு ஆகியவற்றைத் திருத்திக்கொண்டோரிடத்து நோய் வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்தது.

சகோதரர்களே! பெண்ணுக்கு வரன் கிட்டாதென்று அஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மறைத்த நோய் மறைவதில்லை. பின்வரும் மக்களுக்கு எச்சரிக்கை மட்டுமே கிட்டாது போகின்றது. உற்றாருள்ளேயே கொண்டும் கொடுத்தும் வருவோர்க்கு இவ்வறிவு இன்னும் அவசியம். இருவரிடத்தும் மறைந்துநின்ற ஒரே இரத்தக்குறை அவர்தம் குழந்தையிடம் வெளிப்படல் கூடும்.

எனவே, ஒவ்வொரு குடும்பத்தாரும் மூன்று தலைமுறையின் நோய் விவரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்குமாறும், முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொருமுறை சோதனை செய்துகொள்ளுமாறும், வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்தாதிருக்குமாறும் வேண்டிக்கொள்கின்றோம்.