காற்றைக் கேட்டு வெளிக்கிடுங்கள்



யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஆறும் இல்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், தட்டையான நிலம். சைக்கிள் ஓடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்பீர்கள். ஆனால் எங்கள் ஊரில் ஏற்றமெல்லாம் காற்றில்தான் இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும். பிறகு மழையோடு வாடை வரும். எங்கே போவது என்பதை நாம் தீர்மானிக்கலாம். எப்போது போய்ச் சேருவது என்பது காற்றின் கையில்.

பிறந்து வளர்ந்த இந்த ஊருக்கு ஆடி மாதத்தில் போயிருந்தேன். மச்சானின் பழைய லுமாலா சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் வடமராட்சிப் பக்கம், இன்னொரு நாள் தீவுப் பக்கம். இடையில் கால் ஆறுகிற நாட்களில் நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

முதலில் வடமராட்சியிலுள்ள பருத்தித்துறை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முத்திரைச் சந்தியில் குதிரை மேல் வாளோடு மன்னன் சங்கிலியன் சிலையாய் நிற்கிறான். அவனைத் தாண்டினால் கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய். நீர்வேலி வந்ததும் செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும். விடியற்காலையில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர்ச் சத்தம் வழி நெடுகக் கேட்டது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால், புத்தூர்ச் சந்தியில் மேற்கே திரும்பிக் கொஞ்சத் தூரம் போங்கள். நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்பது ஊர்க் கதை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகையாக்க, மேற்கூரை இடிந்து விழுந்து இந்தக் கிணறு வாய் திறந்தது என்பது நிலவியல். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. குடாநாடு முழுவதும் இப்படித்தான்: கடல்நீரின் மேல் மழைநீர் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். ஆறில்லாத ஊர் மழையை நம்பித் தோட்டம் செய்த கணக்கு முழுவதும் அந்தக் கிணற்றுக்குள் இருக்கிறது.

அடுத்தது வல்லை வெளி. வீடில்லை, மரமில்லை, இருபுறமும் வெட்டவெளி, நடுவே பாலம். முனியப்பர் கோவிலில் வாகனங்களை நிறுத்திக் கும்பிட்டுப் போவது வழக்கம். நானும் இறங்கினேன். அங்கே நின்ற பெரியவர் சைக்கிளை ஒருதரம் பார்த்தார், என்னையும் பார்த்தார். “தம்பி, போகேக்கை காத்து உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரேக்கைதான் முனியப்பரை நினைப்பியள்” என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. பருத்தித்துறைக்குப் பறந்தே போய்ச் சேர்ந்தேன். அங்கே தெருமூடிமடத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. தெருவின் மேலேயே கூரை போட்ட மடம். இரு பக்கமும் கல் தூண்கள், ஆட்கள் இருந்து இளைப்பாறத் திண்ணை, நடுவால் தெரு போகிறது. வழிப்போக்கன் மடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. திண்ணைக் கல் அந்த வெயிலிலும் குளிர்ந்து கிடந்தது. பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொண்டு கடற்கரை வீதியால் வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு என்று திரும்பினேன். செல்வச்சந்நிதியில் அன்னதானம் கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று. மிச்ச வழி முழுக்கச் சோழகம் முகத்தில் அறைந்தது.

மறுநாள் கால் சொன்னபடி நகரத்திலேயே நின்றேன். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றிப் பின்னர் ஐங்கோணக் கோட்டையாக மாற்றினார்கள். மதிலுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கற்களில் பலவும் முருகைக்கல். மூளையின் மடிப்புகளைப் போல வரிவரியாக ஓடும் கோலம் இன்னும் அழியாமல் இருக்கிறது. கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்ததை வெட்டி மதில் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்து போனது.

கோட்டைக்குக் கிட்டவே பொது நூலகம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம். நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனும் ஆலோசனை சொன்னவர். 1981இல், மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவில் அதை எரித்தார்கள். ஓலைச்சுவடிகளோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இன்று அதே தோற்றத்தில் மீண்டும் எழும்பி நிற்கிறது. முன்னால் வெள்ளைச் சரஸ்வதி, பக்கத்தில் மாணவர்களின் சைக்கிள்கள். உள்ளே பத்திரிகைப் பகுதியில் இருக்கை கிடைக்கக் காத்து நிற்க வேண்டியிருந்தது. எரிந்த ஊர் வாசிப்பை விட்டுவிடவில்லை.

மாலையில் ரியூப் மாற்ற ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். பழைய டைனமோ ஒன்று ஆணியில் தொங்கியது. நேயர்களே, வானொலியில் பேசுகிறவன் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1990இல் போர் மறுபடி மூண்டபோது வடக்குக்கு எரிபொருளும் பற்றரியும் வரத் தடை, மின்சாரமும் இல்லை. நோயாளியை ஏற்றியதும் விறகு ஏற்றியதும் மணமக்கள் போனதும் சைக்கிளில்தான். வானொலி கேட்பதற்கும் அதேதான் வழி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் முட்டவைத்து, வயரை வானொலிப் பெட்டியில் கொழுவுவார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, சுற்றியிருந்த அயலட்டை முழுவதும் செய்தி கேட்கும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துவிடும். உடனே இன்னொரு கை மாறும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது நாட்டின் மற்ற ஊர்கள் சைக்கிளைத் தேடின. யாழ்ப்பாணத்தார் கோடிக்குள் கிடந்ததை எடுத்துக் காற்றடித்தார்கள்.

அடுத்த ஓட்டம் தீவுப் பக்கம். பண்ணைப் பாலத்தில் ஏறினால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. பிறகு புங்குடுதீவுத் தாம்போதி. இரு பக்கமும் கடல், முழங்கால் ஆழத்தில் வலை வீசுகிறவர்கள். இந்த முறை போகும்போதே எதிர்க்காற்று. குறிகாட்டுவான் துறையில் சைக்கிளைப் பூட்டி விட்டு வள்ளம் ஏறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோவிலும் நாக விகாரையும் ஒரே தீவில், நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி கிடைக்கும் மணிபல்லவம் இதுதான் என்பது ஊரவர் நம்பிக்கை. அதனால் கோவிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். எதிர்க்காற்றில் வந்த பசிக்கு அந்தச் சோறும் பருப்பும் போதும். திரும்பி வரும்போது பெடலை மிதிக்கவே தேவைப்படவில்லை.

போக விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வான் வண்டியில் ஏறி ஒரே நாளில் கோவில், கோட்டை, கீரிமலைக் கேணி எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம். படங்கள் மிஞ்சும். அதைவிட, நல்லூரடியில் எங்காவது தங்கி, ஊரில் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு, ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்று வையுங்கள். ஆடி, ஆவணியில் போனால் நல்லூர்த் திருவிழாவும் கிடைக்கும். அப்போது கோவில் வீதிகளில் இறங்கித்தான் நடக்க வேண்டும். தொலைவான இடங்கள் பெரும்பாலும் 30 கிலோமீட்டர் அளவில்தான். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். ஆனால் வழியைக் கேட்பதற்கு முன், தேநீர்க் கடையில் நிற்கிறவரிடம் இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். காற்றையும் சொல்வார், பார்க்க வேண்டிய இடத்தையும் சொல்வார், நீங்கள் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்றும் விசாரித்துவிடுவார்.