குடம் இடுப்பில் ஏறணும்



“நாள் பூரா வேலை பார்க்கிறோம், நமக்கு எதுக்கு உடற்பயிற்சி?” என்று கேட்டவள்தான் நானும். எடை குறையணும்னு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். நாலு கிலோ குறைந்தது. ஆனால் தண்ணிக் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியலை. கொழுப்போடு தசையும் கரைஞ்சுபோச்சு என்றார் எங்க ஊர் நர்ஸம்மா.

தினமும் ஒரே வேலை செய்தால் உடம்பு அதுக்குப் பழகிடும். பலம் கூட, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 தடவை. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தலைக்கு மேலே தூக்குவது 10 தடவை. மூச்சை அடக்கக் கூடாது. வாரம் 2 நாள், நடுவில் ஓய்வு. மற்ற நாளில் நடை.

சோற்றைக் குறைச்சு முட்டை, சுண்டல், பயறு சேர்த்துக்கோங்க. எடை மெதுவாத்தான் இறங்கும். இடுப்பையும் டேப் வைத்து அளந்து பாருங்க. ரத்த அழுத்தம், மூட்டுவலி இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்க.

எங்க குழுவில் வாரக் கூட்டத்தன்று, சேமிப்புப் பணம் கட்டும் முன்னாடி சேர்ந்தே செய்கிறோம். இப்போ குடம் இடுப்பில் ஏறுது.